ஒரே புகைபோக்கியில் ஸ்டீம் பாய்லரும் இரண்டு கேஸ் வாட்டர் ஹீட்டர்களும்: சேர்த்து விடலாமா?

காங்கயம் மண்டபக்காரர்

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் எங்கள் குடும்பத்திற்கு ஒரு திருமண மண்டபம் இருக்கிறது. சமையல்கூடத்தில் முன்பு கோட்டை அடுப்பு மட்டுமே இருந்தது. அதற்காக அப்பா காலத்தில் கட்டிய செங்கல் புகைக்கூண்டு உட்புறம் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவும், தரையிலிருந்து சுமார் 25 அடி உயரமும் கொண்டது. இப்போது இட்லிக்கும் சாதத்திற்கும் மணிக்கு 100 கிலோ நீராவி தரும் கேஸ் பாய்லர் வைத்திருக்கிறோம். அதன் பர்னரில் ப்ளோயர் உண்டு. விருந்தினர் அறைகளின் வெந்நீருக்காக முதல் மாடி ஸ்டோர் ரூமில் இரண்டு கேஸ் வாட்டர் ஹீட்டர்கள் உள்ளன. அவற்றில் ஃபேன் கிடையாது. மேற்புறத்தில் திறந்த டிராஃப்ட் ஹுட்டும் (எரிந்த வாயுவை ஏந்திக் குழாய்க்குள் விடும், அறைப் பக்கம் திறந்த மூடி) அதிலிருந்து நான்கு அங்குலக் குழாயும் மட்டுமே.

கீழிருந்து வரும் பாய்லரின் ஆறு அங்குலக் குழாய் ஸ்டோர் ரூம் வழியாகச் செல்வதால், ஹீட்டர் குழாய்கள் இரண்டையும் அதிலேயே டீ (T வடிவ இணைப்பு) வைத்து இணைத்துவிட்டார் பொருத்தியவர். அதன்பின் அந்தக் குழாய் இரண்டு எல்போ வளைவுகளில் திரும்பிச் செங்கல் கூண்டுக்குள் போகிறது.

முகூர்த்த நாள்களில் அதிகாலை இரண்டு மணிக்குப் பாய்லரைப் பற்ற வைப்பார்கள். அந்நேரத்தில் ஹீட்டர்கள் அணைந்திருக்கும். ஆனாலும் ஸ்டோர் ரூமில் வெக்கையும் ஈரமும் நிறைந்து கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்கிறது. பக்கத்து அறையில் படுக்கும் பந்திப் பையன்கள் தலைவலி என்கிறார்கள். ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாமல், அறைகளை மட்டும் வாடகைக்கு விட்டு ஹீட்டரை மட்டும் ஓட்டும்போது வேறொரு தொல்லை: ஹீட்டரைப் பற்ற வைக்க எப்போதும் எரியும் சிறு பைலட் சுடர் அடிக்கடி அணைகிறது, புகைக்கூண்டின் வெளிச்சுவரில் மேல்பாதி முழுதும் ஈரக்கறை படிகிறது. கேஸ் வாசம் ஒருநாளும் வந்ததில்லை. மூன்றையும் ஒரே புகைபோக்கியில் விடுவது முறைதானா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பெருந்துறை பர்னர் சர்வீஸ்

அண்ணா, புகைக்கூண்டு ஒன்றாக இருப்பதில் தவறில்லை. இணைத்த விதத்தில்தான் குறை. ஹீட்டர் குழாய் ஒவ்வொன்றிலும் ஒரு கை டாம்பர், அதாவது குழாயைக் கையால் திறந்து மூடும் தகடு, போடுங்கள். ஹீட்டர் ஓடாத நேரத்தில் அதை மூடிவிட்டால் பாய்லர் புகை அந்தப் பக்கம் திரும்பாது. செலவும் மிகக் குறைவு. அதற்கும் அடங்கவில்லை என்றால் கூண்டின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து இழுத்துவிடலாம். சிப்காட் பக்கம் பல யூனிட்டுகளில் இப்படித்தான் ஓடுகிறது.

வெப்பவியல் விரிவுரையாளர், கோவை

டாம்பர் யோசனையை நடைமுறைப்படுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இது ஆளைக் கொல்லக்கூடிய விஷயம்.

முதலில் அந்தப் பையன்களை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். கேஸ் வாசம் வரவில்லை என்பது எந்த உறுதியையும் தராது. எல்பிஜியில் வாசத்திற்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டன் எரியாத வாயு கசிந்தால் மட்டுமே மூக்கிற்கு எட்டும். பர்னரில் அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். எரிந்த வாயுவில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவர் தலைவலியோடு எழுந்தால் அதை நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். குளியலறை கேஸ் கீசர்களால் நேர்ந்த மரணங்களை நம் நாட்டு மருத்துவ இதழ்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகின்றன.

உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனித் தவறுகள். அவை வெவ்வேறு பருவத்தில் வெளிப்பட்டாலும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

ஹீட்டரில் ஃபேன் இல்லை. சூடான வாயு லேசாக இருப்பதால் மேலே எழும் இழுவையே அதன் ஒரே பலம். அந்த இழுவை எவ்வளவு அற்பமானது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஹீட்டர் இணையும் இடத்திலிருந்து உச்சி வரை 4 மீட்டர் உயரம், உள்ளே வாயு 130 டிகிரி செல்சியஸ், வெளியே 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது சுமார் 11 பாஸ்கல். வாயு குளிர்ந்து 60 டிகிரியாகி, வெளியே 38 டிகிரி வெயில் அடித்தால் வெறும் 3 பாஸ்கல். ஒரு பாஸ்கல் என்பது நீர் மட்டத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் உயர்வு. சமையல்கூடத்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுக் கதவுகளைச் சாத்தினாலே இந்த 3 பாஸ்கல் திசை மாறிவிடும்.

இதே குழாயில் ப்ளோயர் வைத்த பர்னரை இணைக்கிறீர்கள். மணிக்கு 100 கிலோ நீராவி என்றால் ஏறக்குறைய ஆறரை கிலோ எல்பிஜி எரியும். அதிலிருந்து 200 டிகிரி அளவில் மணிக்கு 180 கன மீட்டர் வாயு ஆறு அங்குலக் குழாயில் பாயும். வினாடிக்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகம் இது. முன்னால் இரண்டு எல்போ தடுப்பதால் டீ இருக்கும் இடத்தில் குழாயின் உள்ளழுத்தம் அறையின் அழுத்தத்தைவிட உயர்ந்துவிடக்கூடும். அணைந்து கிடக்கும் ஹீட்டரின் டிராஃப்ட் ஹுட் அறைக்குள் திறந்தே இருக்கும் வாய் என்பதால், வாயு அந்த வழியாக இறங்குகிறது. ஓடும் கருவியைச் சோதித்தால் குறையே தென்படாது. இந்தக் கோளாறு அந்நேரத்தில் அணைந்திருக்கும் கருவியில்தான் வெளிப்படும்.

இதைவிட மோசமான நிலை, பாய்லர் ஓடும்போதே விருந்தினர் குளிக்கத் தொடங்கி ஹீட்டரும் பற்றிக்கொள்வது. அறைக்குள் இறங்கிய வாயுவையே ஹீட்டர் பர்னர் எரிகாற்றாக இழுக்கும். ஆக்சிஜன் குறைந்த காற்றில் எரியும் சுடர் முழுமையாக எரியாது. அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு கிடுகிடுவென ஏறும்.

கை டாம்பர் பற்றிச் சொல்கிறேன். அதிகாலை நாலரை மணிக்கு யாரோ வெந்நீர்க் குழாயைத் திறக்க, ஹீட்டர் பற்றிக்கொள்கிறது. டாம்பரைத் திறக்க வேண்டியவர் கீழே சாம்பார் தாளித்துக்கொண்டிருக்கிறார். பிறகு நடப்பதை நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் தேசிய எரிவாயு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 54, கேஸ் கருவிகளின் புகைவழியில் கையால் இயக்கும் டாம்பரே கூடாது என்கிறது. அழுத்தத்தோடு தள்ளும் கருவியை இயல்பு இழுவையில் இயங்கும் புகைவழியோடு இணைப்பதையும் அது அனுமதிப்பதில்லை.

பெருந்துறை பர்னர் சர்வீஸ்

ஐயா சொல்வது டாம்பர் விஷயத்தில் சரி. மண்டபம் போல ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அது ஒத்துவராது, அந்த யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனால் உச்சியில் ஃபேன் வைப்பதை ஏன் ஒரேயடியாக ஒதுக்க வேண்டும்? வெளிநாட்டுக் கட்டடங்களில் அப்படி உண்டே.

வெப்பவியல் விரிவுரையாளர், கோவை

ஒதுக்கவில்லை தம்பி. ஃபேன் உண்மையிலேயே காற்றை இழுக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் ஸ்விட்ச் ஒன்றை வைத்து, ஃபேன் நின்றால் எல்லாப் பர்னர்களுக்கும் கேஸ் தானாக நிற்கும்படி இன்டர்லாக் செய்திருந்தால் அது ஏற்கத்தக்க முறைதான். ஆனால் பைலட் சுடரில் ஓடும் இந்த ஹீட்டர்களுக்கு மின்சாரமே வேண்டாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை ஃபேன் நிற்கும், ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும். அந்த இன்டர்லாக் இல்லாமல் வெறும் ஃபேனை மட்டும் வைத்தால் புதிய ஆபத்து ஒன்றைச் சேர்த்ததாகவே ஆகும்.

திருப்பூர் யூட்டிலிட்டி இன்சார்ஜ்

ஆடி மாதத்து ஈரக்கறையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். மழை ஒழுகுகிறது என்று நினைத்துப் பலர் வெளிச்சுவரைப் பூசிப் பணத்தை வீணாக்குகிறார்கள். அந்த ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீர் ஆவியாக உண்டாகும். அதாவது 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்று காலியாகும்போது முப்பது லிட்டர் தண்ணீர், இரண்டு பெரிய குடம் நிறையும் அளவு, புகைபோக்கி வழியாக வெளியேறியாக வேண்டும். வாயுவின் வெப்பம் 50 டிகிரிக்கு அருகே இறங்கினால் அந்த ஆவி சுவரில் நீராகப் படியத் தொடங்கும். கார்பன் டை ஆக்சைடு கரைந்திருப்பதால் அந்த நீர் அமிலத்தன்மை உடையது. செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புச் சாந்தை அது மெல்ல மெல்ல அரித்து எடுத்துவிடும்.

ஒன்றரை அடிச் சதுரக் கூண்டு கோட்டை அடுப்பின் புகைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அத்தனை பெரிய குளிர்ந்த கூண்டை இரண்டு சிறு ஹீட்டர்களின் வாயு சூடேற்ற முடியாது. மேலே போகும் முன்பே குளிர்ந்து, இழுவை இழந்து, நீராக வடிகிறது. பைலட் அணைவதற்கும் பாதிக் காரணம் இதுவே. குளிர்நாடுகளில் பழைய ஹீட்டிங் ஃபர்னஸை எடுத்துவிட்டுக் கண்டென்சிங் வகைக்கு (புகையிலுள்ள ஆவியை நீராக்கி அந்த வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் வகை) மாறுகிற வீடுகளில், பெரிய புகைபோக்கியில் தனியாக மிஞ்சிய வாட்டர் ஹீட்டருக்கு இதே கதிதான் நேர்கிறது. அதை அங்கே அநாதை ஹீட்டர் என்றே அழைக்கிறார்கள்.

எங்கள் வேலையில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கண்டென்சிங் வகைப் பாய்லர்கள் நான்கைந்தை ஒரே புகைவழியில் இணைக்கும் முறை உண்டு. அங்கே எல்லாமே ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகைக் கருவிகளாக இருக்கும். ஒவ்வொன்றின் வாயிலும் வாயு திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கும். பொதுக் குழாயின் அடியில் அமில நீரை வடியவிட்டு வாயுவைத் தடுக்கும் டிராப் இருக்கும். குழாய் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ அதற்கென்றே செய்த பிளாஸ்டிக்காகவோ இருக்கும். மொத்தமும் ஒரே வடிவமைப்பாகப் பரிசோதிக்கப்பட்டு வருவதால்தான் அது வேலை செய்கிறது. அதைப் பார்த்துவிட்டு, வெவ்வேறு கடையில் வாங்கிய மூன்று கருவிகளை ஜிஐ குழாயிலும் டீயிலும் ஒட்டிவைத்து அதுவும் இதுவும் ஒன்றே என்று சொல்லும் பேச்சை நம்பாதீர்கள்.

பாய்லரின் நீர்க் கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவு என்றால் அது கொதிகலன் சட்ட வரம்புக்குள் வராது. நம் பக்கம் ‘நான்-ஐபிஆர்’ (இந்தியக் கொதிகலன் விதிமுறைகளுக்கு உட்படாதது) என்று சொல்லி விற்பது இதைத்தான். ஆய்வாளர் வரமாட்டார் என்பது விற்பவருக்கு வசதி. உங்களுக்கு அது கூடுதல் பொறுப்பு.

உடுமலை தோட்டத்துக்காரர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நம் ஊரில் அடிக்கும் வெயிலுக்கு அறைகளுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்துவிட்டு, இந்த இரண்டையும் கழற்றி விற்றுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்ததே?

காங்கயம் மண்டபக்காரர்

மாமா, மொட்டை மாடியில் சோலார் ஏற்கெனவே இருக்கிறது. இருநூறு பேர் தங்கும் முகூர்த்த நாளில் அதிகாலை நாலு மணி வெந்நீருக்கு அது போதவில்லை என்பதால்தான் ஹீட்டர்.

விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. பையன்களை அன்றைக்கே கீழ் ஹாலுக்கு மாற்றிவிட்டேன். ஹீட்டருக்கான கேஸ் வால்வையும் மூடி வைத்திருக்கிறேன். கேட்க மறந்த ஒன்று: பாயசமும் அரிசிம்பருப்பு சாதமும் விறகில் செய்தால்தான் சுவை என்று மாஸ்டர் பிடிவாதமாக இருப்பதால் கோட்டை அடுப்பையும் அவ்வப்போது மூட்டுகிறோம். அதன் புகையும் இதே கூண்டில்தான் போகிறது. இனி என்ன செய்யலாம்?

பல்லடம் கட்டடப் பொறியாளர்

விறகும் அதே கூண்டில் என்றால் இந்த இணைப்பு ஒரு நாள்கூட நீடிக்கக் கூடாது. விறகு அடுப்புக்கும் கேஸ் கருவிக்கும் ஒரே புகைவழி என்பதை விதிகள் பொதுவாக எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. விறகுப் புகையின் கரி உள்ளே படிந்து வழியைக் குறுக்கும். விறகு அடுப்பில் புகை அடைத்தால் கண் எரிந்து உடனே தெரிந்துவிடும். கேஸ் ஹீட்டரில் அடைத்தால் எதுவும் தெரியாது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் ஓய்ந்திருக்கும்போது மைனாவும் புறாவும் கூண்டில் கூடு கட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்திற்கு முன் உச்சியில் ஏறிப் பார்க்காமல் பற்ற வைக்காதீர்கள்.

என் கருத்து இது. செங்கல் கூண்டைக் கோட்டை அடுப்புக்கே விட்டுவிடுங்கள். அதற்குள் ஸ்டீல் குழாயை இறக்கிவிட்டு, குழாயைச் சுற்றியுள்ள மீதி இடத்தில் விறகுப் புகையை விடலாமே என்று கொத்தனார் சொல்லக்கூடும், அதுவும் கூடாது. பாய்லருக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் தனிக் குழாய் போய்விடட்டும். ஹீட்டர்கள் இரண்டும் ஃபேன் இல்லாத ஒரே வகை என்பதால் அவை மட்டும் ஒரு குழாயைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அளவுக்கு அமெரிக்க விதியில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. டிராஃப்ட் ஹுட் உள்ள இரண்டு கருவிகளுக்கு, பெரியதன் வாய்ப்பரப்போடு சிறியதன் பரப்பில் பாதியைச் சேர்த்தால் வருவது பொதுக் குழாயின் குறைந்தபட்சப் பரப்பு. நான்கு அங்குல வாயின் பரப்பு 12.6 சதுர அங்குலம். பாதியையும் சேர்த்தால் 18.9. ஐந்து அங்குலக் குழாயின் பரப்பு 19.6 என்பதால் அது பொருந்துகிறது. அதிகபட்சத்திற்கும் வரம்பு உண்டு: சிறிய வாயின் பரப்பைப் போல ஏழு மடங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 88 சதுர அங்குலம். உங்கள் கூண்டு 324 சதுர அங்குலம்! திருப்பூர்க்காரர் சொன்ன ஈரக்கறை இந்த எண்ணிலேயே எழுதியிருக்கிறது.

குழாய் வெளிச்சுவரில் ஏறுவதால் இரட்டைச் சுவர் கொண்ட இன்சுலேஷன் குழாயாக வாங்குங்கள்; ஒற்றைத் தகடு என்றால் மார்கழிப் பனியில் மறுபடியும் தண்ணீர் வடியும். ஹீட்டரிலிருந்து பொதுக் குழாய்க்குப் போகும் துண்டு மீட்டருக்கு 20 மில்லிமீட்டராவது மேல்நோக்கிச் சரிவாக இருக்கட்டும். இரண்டு ஹீட்டர்களின் இணைப்பும் நேர் எதிரெதிரே வராமல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, வெவ்வேறு உயரத்தில் சேரட்டும்.

உச்சி எங்கே முடிகிறது என்பதில் நம் பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை விடாமல் வீசும். பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகளை நட்டதே அதை நம்பித்தான். புதிதாகக் கட்டிய உயரமான பிளாக் எதுவும் குழாய்க்கு அருகே இருந்தால் அந்தக் காற்று சுவரில் மோதி, சுழன்று, குழாய்க்குள் இறங்கும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடியும், பத்து அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட இரண்டு அடியும் உயர்த்துவது பழைய நல்ல வழக்கம். மண்டபத்தின் முகப்பு அழகு கெடுகிறது என்று பாரபெட் (மாடிக் கைப்பிடிச்சுவர்) மட்டத்திலேயே வெட்டிவிடச் சொல்வார்கள்; இணங்காதீர்கள்.

வெப்பவியல் விரிவுரையாளர், கோவை

பொறியாளர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். காற்று உள்ளே வரும் வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எல்பிஜி எரிய ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை அடுக்கி, எலி வராமல் ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தால் எத்தனை நல்ல புகைபோக்கியும் இழுக்காது. வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒன்றும் கூரையை ஒட்டி ஒன்றுமாக இரண்டு திறப்புகள், ஒவ்வொன்றும் கிலோவாட்டுக்கு 550 சதுர மில்லிமீட்டர் என்பது கணக்கு. ஹீட்டர் ஒன்று 12 கிலோவாட் என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒவ்வொரு திறப்பும் 132 சதுர சென்டிமீட்டர் வர வேண்டும். எலிவலை அடித்தால் வலைக்கம்பி மறைக்கும் பரப்பைக் கழித்துவிட்டுத் திறப்பைப் பெரிதாக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பொருத்தியவர் முன்னிலையிலேயே சோதியுங்கள். எல்லாக் கதவு ஜன்னல்களையும் சாத்தி, சமையல்கூடத்து எக்ஸாஸ்ட் ஃபேன்கள் அனைத்தையும் முழு வேகத்தில் விட்டு, ஒரு ஹீட்டரை மட்டும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஊதுபத்தியை இரண்டு டிராஃப்ட் ஹுட்டுகளின் விளிம்பிலும் சுற்றிக் காட்டுங்கள். ஓடாததன் விளிம்பிலும் மறக்காமல் காட்ட வேண்டும். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளினால் அல்லது அப்படியே நின்று தயங்கினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அடுத்து மற்றொன்றை மட்டும், பின் இரண்டையும் சேர்த்து, கடைசியில் பாய்லரோடும் சேர்த்து இதையே திரும்பச் செய்யுங்கள்.

பெருந்துறை பர்னர் சர்வீஸ்

அந்தச் சோதனையை ஒரு முகூர்த்த நாள் கூட்டத்தில் செய்ய முடியாது; வேலையை ஆடிக்குள் முடித்து ஆடிக் காற்றிலேயே சோதித்துவிடுங்கள். மிக மோசமான காற்றில் தேறினால் மற்ற மாதங்களில் கவலை இல்லை. ஹீட்டரின் டிராஃப்ட் ஹுட்டில், வாயு திரும்பினால் சூட்டை உணர்ந்து கேஸை நிறுத்தும் ஸ்பில் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா. இருந்து, அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாராவது அதை பைபாஸ் செய்திருக்கலாம். பைலட் அணைந்ததும்கூட அதன் வேலையாக இருக்கக்கூடும்.

காங்கயம் மண்டபக்காரர்

பார்த்தேன். ஒரு ஹீட்டரில் அந்த ஸ்விட்ச் சரியாக இருக்கிறது. அடிக்கடி அணைவது அதுதான். மற்றொன்றில் இரண்டு ஒயர்களையும் முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். அணையாமல் நன்றாக ஓடுகிறது என்று நாங்கள் பாராட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். புதிய ஸ்விட்சுக்குச் சொல்லியாயிற்று. பாய்லருக்குத் தனிக் குழாயும் ஹீட்டர்களுக்கு ஐந்து அங்குல இரட்டைச் சுவர்க் குழாயும் போட கோவையில் விலை கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கினால் அதைச் சமையல்கூடத்தில் இருக்கும் கேஸ் லீக் டிடெக்டர் பக்கத்திலேயே மாட்டிவிடலாமா?

திருப்பூர் யூட்டிலிட்டி இன்சார்ஜ்

கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும் என்பதால் அதன் டிடெக்டர் தரையிலிருந்து ஓர் அடிக்குள் இருக்கும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறையக் காற்றின் எடைதான். சூடான வாயுவோடு கலந்து வருவதால் மேலே எழுந்து அறை முழுதும் பரவும். ஒன்றை ஸ்டோர் ரூமில் கூரைக்குச் சற்றுக் கீழேயும், இன்னொன்றை ஆள்கள் படுக்கும் அறையில் மூச்சு விடும் உயரத்திலும் மாட்டுங்கள்.

வாங்கும்போது ஐரோப்பியத் தரமான இஎன் 50291 குறியிட்டது கிடைத்தால் நல்லது. அந்தத் தரத்தில் 300 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) என்றால் மூன்று நிமிடத்திற்குள் அலறும். 50 பிபிஎம் என்றால் ஒரு மணி நேரம் கடந்த பிறகே ஒலிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2010இல் எட்டு மணி நேரச் சராசரிக்கு வகுத்த வரம்போ கன மீட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது 9 பிபிஎம் அளவுதான். ஆகவே ஒலி வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் எண்ணைத் திரையில் காட்டும் வகையாக வாங்கி, அதிகாலை பாய்லர் ஓடும் நேரத்தில் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து நோட்டில் குறித்து வைக்கட்டும். சென்சாருக்கு ஆயுள் உண்டு. பெட்டியின் பின்புறம் அச்சிட்ட மாற்ற வேண்டிய ஆண்டையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.